வெயிலுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது

மும்பைத் தாராவியில் எங்கள் கல்லிக்குள், அதாவது சந்துக்குள், நின்றுகொண்டு 'ப்ராஜெக்ட்' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பாதி வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். மீதிப் பாதியில் ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: வீடுகளை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டும் திட்டம். கீழே இருப்பவருக்கு வீடு உண்டா, மாளாவில் இருப்பவருக்கு உண்டா என்று எழுந்தால் இருந்தால் இதே பேச்சு. மாளா என்பது ஒற்றை அறைக்கு மேல், ஏணி வைத்து ஏறிப் போகிற, தகரக் கூரை போட்ட மேல்தட்டு. எங்கள் வீட்டில் நான் படித்ததும் தூங்கியதும் அங்கேதான்.

இதெல்லாம் தெரிந்தும், அந்தக் கல்லியிலேயே பிறந்து வளர்ந்தும், பி.எஸ்ஸி. படிக்கும்போது கழுத்தில் கல்லூரி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், "ஒரு ப்ராஜெக்ட்டுக்காக வந்திருக்கேன், உங்க மாளாவைக் கொஞ்சம் பாக்கணும்" என்று சொன்னவள் நான். படித்த முட்டாள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறேன். முதுகலையும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்பு. மாட்டுங்காவில் நான் படித்த கல்லூரியிலிருந்து தம்பி தங்கைகள் அடிக்கடி செய்தி அனுப்புகிறார்கள். பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள்தான். தமிழ் எழுத்து வராததால் ஆங்கில எழுத்தில் தமிழும் இந்தியும் கலந்து அனுப்புவார்கள், அக்கா என்பதற்கு 'தீதி' என்பார்கள். "தீதி, ரிசர்ச் பண்ணியிருந்தா மேல்படிப்புக்கு சீட் கிடைக்குமா?" "எத்தனை மாசம் பண்ணா போதும்?" "சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா?" கடைசிக் கேள்வியைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்திலேயே ஏதாவது காரமாக எழுதுவேன், பிறகு அழித்துவிடுவேன். நானும் அதே கணக்குப் போட்டுக்கொண்டு போனவள்தானே, இந்தப் பிள்ளைகளை எந்த வாயால் திட்டுவது?

என் மார்க் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முதல் வகுப்பு என்று பேர், அவ்வளவுதான். என்னைவிட அதிகம் வாங்கியவர்கள் எங்கள் வகுப்பிலேயே நிறைய. அப்படிப்பட்டவள் மேல்படிப்புக்கு விண்ணப்பித்தால் எதைக் காட்டுவது? எங்கள் இயற்பியல் மிஸ் ஒரு மராட்டிக்காரர், சிக்கனமாகப் பேசுபவர். யாருக்காவது சின்னதாக ஓர் ஆராய்ச்சி செய்து பார்க்க ஆசை இருந்தால் வந்து பாருங்கள் என்று வகுப்பில் ஒருநாள் சொன்னார். மணி அடித்ததும் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் தோழி. அவள் மாட்டுங்காவிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண், அப்பா பேங்க் ஆபீசர். மார்க்கில் அவள் எங்கேயோ, நான் எங்கேயோ. ஆனால் கேன்டீனில் ஒரு சமோசாவை இரண்டாகப் பிய்த்துத் தின்னும் அளவுக்கு நெருக்கம்.

என்ன ஆராய்ச்சி செய்யலாம் என்று மிஸ் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "எங்க மாளா ஏன் அப்படி வேகுதுன்னு தெரியணும் மிஸ்" என்று இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தீப்பெட்டி அளவில் சில கருவிகளைத் தந்தார். அரை மணிக்கு ஒருமுறை அவை தாமாகவே வெப்பத்தைப் பதிந்துகொள்ளும், பிறகு கணினியில் போட்டு வரைபடமாகப் பார்க்கலாம். அம்மா அதற்கு 'டப்பி' என்று பேர் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் வீடு உள்பட எங்கள் கல்லியில் சில வீட்டு மாளாக்களில் தகரத்துக்குச் சற்றுக் கீழே அவற்றைத் தொங்கவிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, தோழியின் மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் ஒன்று.

அதற்காகத்தான் அந்த 'ப்ராஜெக்ட்' பிரவேசம். போன அன்றே கல்லி கலகலத்துப் போய்விட்டது. மூலை வீட்டு அத்தை, அம்மாவுக்கு மைனி, அதாவது அண்ணி முறை, கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் பேசி முடித்துப் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, என்ன சொல்லிட்டு வந்த நீ? எங்க மாளாவ அளக்க உன் மவளையே அனுப்பிட்டியான்னு மைனி கேக்கா. எனக்கு உசுரே போயிட்டு."

"ப்ராஜெக்ட்னுதாம்மா சொன்னேன்."

"அந்தச் சவத்த இங்கன யாராவது வாயில வைப்பாவளா? படிப்புன்னு சொல்லு. படிப்புன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

அம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அவள் பேசியதைக் கேட்க எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. "எம்மவ காலேசுல படிக்கா. இது அவ படிப்புச் சாமான். கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல இருக்கட்டும். பத்திரமா பாத்துக்கிடுங்க, என்ன?" இவ்வளவுதான் சொன்னாள். முதல் நாள் சாத்திய கதவெல்லாம் திறந்தது. "அதுக்கென்ன எக்கா, எங்க பிள்ள மாதிரி பாத்துக்கிடுதோம்" என்றார்கள். நான் ஒவ்வொரு மாளாவிலும் ஏறி, ஆணி அடித்து, டப்பியைத் தொங்கவிட்டு இறங்கினேன். என்ன பதிகிறது என்று விளக்கப் போனேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, டீ குடிக்கச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவுகளை எடுக்கப் போவேன். நான் கல்லி முனையில் வரும்போதே பார்த்துவிட்டு, டப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். சிலர் கைக்குட்டையில் சுற்றித் தருவார்கள். பிள்ளை ஏணி ஏறி இறங்கக் கஷ்டப்பட வேண்டாம் என்று அவ்வளவு கரிசனம் என நினைத்து மனம் குளிர்ந்தேன். பதிவை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு, "நானே மாட்டிட்டுப் போறேன் அத்தை" என்றால் விடமாட்டார்கள். "நீ போ மக்களே, நாங்க வச்சிக்கிடுதோம்."

சில வாரங்களில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பித்தது. மதியம் மலை மாதிரி ஏறி, சாயங்காலம் இறங்கும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இருட்டிய பிறகு, ஏழு மணியைத் தாண்டி, கோடு மறுபடியும் ஒரு சின்னக் குன்று போல ஏறி இறங்கியது. ஒரு வீட்டில் அல்ல, கிட்டத்தட்ட எல்லா வீடுகளிலும். நானும் தோழியும் ஆய்வகத்தில் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்.

"நம்ம கண்டுபிடிச்சுட்டோம்டி!" என்றாள் தோழி. "பகல் பூரா சுவர் குடிச்ச சூட்டை எல்லாம் சாயங்காலம் வெளில விடறது. எங்காத்துல இந்தக் குன்று இல்லவே இல்லை பாரு!"

தகரக் கூரை இல்லாத அவள் வீட்டில் அது இல்லாதது எங்களுக்கு ஆதாரமாகப் பட்டது. ஆனால் எங்கள் வீட்டு டப்பியிலும் அந்தக் குன்று இல்லை. அதுதான் இடித்தது. கல்லியில் எல்லா மாளாவும் மாலையில் சூடாகும்போது எங்கள் மாளா மட்டும் ஏன் சமர்த்தாக இறங்குகிறது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிறகு, எங்கள் வீட்டு டப்பி பழுது என்று முடிவு கட்டி, அதன் எண்களை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். மிஸ்ஸிடமும் பழுது என்றே சொன்னோம். எத்தனை நிம்மதியாக எடுத்தோம் என்பது இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் பெங்களூருக்கு விண்ணப்பித்தேன். 'நீங்கள் ஏன் ஆராய்ச்சிக்கு வர விரும்புகிறீர்கள்' என்ற பகுதியில் மாலைக் குன்றைப் பற்றி உருகி உருகி எழுதினேன். சுவர்கள் மூச்சு விடுகின்றன என்றெல்லாம் எழுதியதாக ஞாபகம். என் மார்க்கைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு படிக்க அந்த ஒரு பத்திதான் காரணமாக இருக்கவேண்டும். வீட்டில் அம்மாவுக்கு நான் விண்ணப்பித்ததே பிடிக்கவில்லை.

"இங்கன இல்லாத படிப்பா அங்க இருக்கு? பி.எட். முடிச்சுட்டு இங்கனயே டீச்சராப் போ. இல்ல, பக்கத்துல வாஷில ஏதாவது ஆபீஸ்ல போ. சாயங்காலம் டிரெயினப் பிடிச்சு வீட்டுக்கு வந்துரலாம்லா."

"அனுப்புறதுதானேம்மா, கிடைக்கணும்லா."

"கிடைக்காம போவட்டும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயில் தானே அடித்துக்கொண்டாள். அப்பா பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர், வீட்டுப் பஞ்சாயத்துகளில் வாய் திறக்கமாட்டார். அன்றும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டார்.

விண்ணப்பம் போய் ஒரு மாதம் இருக்கும். மிஸ் எங்களைக் கூப்பிட்டார். எங்கள் எண்களைக் கிழமை வாரியாகப் பிரித்து அவரே ஒரு படம் போட்டிருந்தார். திங்கட்கிழமைகள் எல்லாம் ஒன்றாக, செவ்வாய்கள் ஒன்றாக, அப்படி. அதில் வெள்ளிக்கிழமைக் குன்று மற்ற எல்லாவற்றையும்விட உயரமாகவும் அகலமாகவும் இருந்தது. செவ்வாயும் சற்று உயரம்.

"வெள்ளிக்கிழமை உங்க ஏரியாவில் என்ன நடக்கும்?" என்று இந்தியில் கேட்டார். "வெயிலுக்கு வெள்ளிக்கிழமை எது, சனிக்கிழமை எது என்று தெரியாதே."

நாங்கள் என்னென்னவோ சொன்னோம். அன்று பட்டறைகள் சீக்கிரம் மூடிவிடுவதால் இருக்கலாம், கரண்ட் போவதால் இருக்கலாம், காற்றடிக்கும் திசையால் இருக்கலாம். மிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "போய்ப் பாருங்கள்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நூலகத்தில் உட்காராமல் நேராகக் கல்லிக்குத் திரும்பினேன். வழக்கமாக நான் வீடு சேரும்போது எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அன்று விளக்கு வைக்கிற நேரம், சாம்பிராணி வாசம். மூலை வீட்டு அத்தையின் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் சாமித் தட்டு, முருகன் படம், படத்துக்கு முன் குத்துவிளக்கு நன்றாகக் கொழுந்துவிட்டு எரிகிறது. விளக்குக்குப் பக்கத்தில், சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு கண்ணி மல்லிகைப் பூவும் சாத்தி, என் டப்பி.

"வா மக்களே" என்றார் அத்தை. நான் டப்பியையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார். "மேல எலி ஓடுது. தூக்கிட்டுப் போயிட்டுன்னா உன் படிப்பு என்னத்துக்கு ஆவும்? படிப்புச் சாமானக் கண்ட இடத்துல தொங்கவிடலாமா? அதான் அன்னைக்கே இங்கன எடுத்து வச்சிட்டேன். முருகன் பாத்துக்கிடுவாரு."

நான் அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அங்கே சரஸ்வதி படத்துக்கு முன்னால், இரண்டு விளக்குகளுக்கு நடுவில். அதற்கடுத்த வீட்டில் லட்சுமி. எங்கள் கல்லிக் கடைசியில் இருக்கும் கிறிஸ்தவ வீட்டில் மாதா சுரூபத்தின் காலடியில், மெழுகுவர்த்தி ஓரமாக. ஒரு வீடு பாக்கியில்லை. எல்லாரும் ஒரே மாதிரி சந்தோஷமாகக் காட்டினார்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனங்கள். படிப்புச் சாமான் என்று ஒன்றைக் கொடுத்து, பத்திரமாக வையுங்கள் என்று சொன்னால் வேறு எங்கே வைப்பார்கள்?

வீட்டுக்கு வந்து ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்னட்டி ஆச்சு? எதும் ஒடஞ்சிட்டா?"

"ஒடயலம்மா. எல்லாரும் ரொம்பப் பத்திரமா வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாக அழுதேன்.

விஷயம் புரிந்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினாள். பிடித்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்போதுதான் என் மண்டையில் இன்னொன்று உறைத்தது. அம்மாவுக்கு நான் டப்பியைத் தொங்கவிட்ட இடம் தெரியும், அதனால் எங்கள் வீட்டில் மட்டும் யாரும் அதைத் தொடவில்லை. கல்லி முழுக்க உண்மை சொன்னது அந்த ஒரு டப்பிதான். அதைத்தான் பழுது என்று தூக்கிப் போட்டிருந்தோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

தோழிக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும், "அப்ளிகேஷன் அனுப்பியாச்சேடி!" என்றாள். அடுத்த மூச்சில், "யாருக்குத் தெரியப் போறது? நீயா வாயைத் திறக்காதே. நூறு பேர் அப்ளிகேஷன்ல உன்னோடதையா தோண்டித் துருவிப் பாக்கப் போறா?" என்றாள். அவள் என்மேல் இருந்த பிரியத்தில் சொன்னாள். ஆனால் மறுநாள் காலை என்னைக் கேட்காமலேயே மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தவளும் அவள்தான். இன்று வரை அதற்கு நான் அவளைக் கிண்டல் செய்யாமல் விட்டதில்லை.

மிஸ் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும், "சரி, முதலிலிருந்து" என்றார்.

முதலிலிருந்து என்றால் ஏப்ரல், மே. பரீட்சையும் அப்போதுதான். அப்பா பட்டறையில் மிஞ்சிய வலைத்துணியை வெட்டி, டப்பிக்கு அளவாகச் சின்னச் சின்னப் பைகள் தைத்துக் கொடுத்தார். காற்றுப் போகும், எலி கடிக்காது, ஆணியோடு கம்பியால் முறுக்கிக் கட்டிவிடலாம். இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானே பேசினேன். "அத்தை, இது தகரத்துக்குக் கீழே கிடந்து வெந்தாத்தான் எனக்கு மார்க். கீழே எடுத்தீங்கன்னா ஃபெயில்." அத்தை டப்பியைப் பரிதாபமாகப் பார்த்தார். "அய்யோ பாவம், வேவட்டும்" என்றார். அதன் பிறகு ஒருவரும் தொடவில்லை.

மாலைக் குன்று போயே போய்விட்டது. இப்போது எல்லா மாளாவும் எங்கள் மாளா மாதிரியே இருந்தது. மதியம் ஏறுகிற மலை, பிறகு மெதுவாக இறங்குகிற சரிவு. சுவர் மூச்சு விடவில்லை, ஒன்றும் விடவில்லை. அம்மா மடிக்கணினியில் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு? மத்தியானம் சூடுன்னு எங்கிட்ட கேட்டா சொல்லமாட்டனா?"

"எவ்வளவு சூடுன்னு சொல்லணும்மா."

"நிக்க முடியாத சூடு. எழுதிக்க."

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கணினி வழியாகத்தான். எங்கள் கல்லியில் தையல் மெஷின் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது என்பதால் தோழியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா எனக்குக் காபி கொடுத்து, நெற்றியில் விபூதி இட்டு, "பதட்டப்படாம பதில் சொல்லு கொழந்தே" என்று சொல்லி, குக்கர் வைப்பதைக்கூடத் தள்ளிப்போட்டார். தோழி கேமராவில் தெரியாதபடி கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் நாலு பேர். முதலில் பாடக் கேள்விகள். சிலதுக்குச் சொன்னேன், ஒன்றில் தடுமாறினேன். பிறகு நரைத்த தாடி வைத்த ஒருவர் என் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார். "இந்த மாலை நேர உயர்வு சுவாரசியமாக இருக்கிறது. இதை விளக்குங்கள்."

கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தோழி தலையை இடமும் வலமும் ஆட்டினாள். உண்மையைச் சொல்லாதே என்கிறாளா, பயப்படாதே என்கிறாளா என்று புரியவில்லை. சுவர்களின் கதை எனக்கு மனப்பாடம். சொல்லியிருந்தால் அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கக்கூடும்.

"அது விளக்கு சார்" என்றேன்.

"என்ன?"

"சாமி விளக்கு. கருவியை எல்லா வீட்டிலும் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அதிக நேரம் எரியும்."

ஒரு அம்மையார் முதலில் சிரித்தார். நான் பயந்த மாதிரியான சிரிப்பு இல்லை அது. நான் முழுவதையும் சொன்னேன், ப்ராஜெக்ட் என்ற சொல்லில் ஆரம்பித்து எங்கள் வீட்டு டப்பியைத் தூக்கிப் போட்டது வரைக்கும். தாடிக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "அப்படியானால் அந்த வீட்டுக்காரர்கள் உங்கள் தரவைக் கெடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களை வைத்து எப்படி ஆராய்ச்சி செய்வீர்கள்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேர்காணல் என்பதே மறந்துவிட்டது.

"அவங்க கெடுக்கல சார். பத்திரமா வைங்கன்னு கேட்டோம், அவங்களுக்குத் தெரிஞ்சதுலயே பத்திரமான இடத்துல வச்சாங்க. ஏன் தொங்கணும்னு நான் அவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லல. கெடுத்தது நான். சரியா இருந்த ஒரே எண்ணை, மத்ததோட ஒத்துப்போகலன்னு எடுத்துப் போட்டதும் நான்." இதை நான் ஆங்கிலத்தில்தான் சொன்னேன், தப்பும் தவறுமாக. நடுவில் ஒரு இந்திச் சொல்கூட வந்து விழுந்தது.

அதன் பிறகு முக்கால்வாசி நேரம் டப்பியைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கே தொங்கவிட்டாய், தகரத்துக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, புதிய எண்களை எப்படி நம்புவது, எந்த எண்ணைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது. இரண்டு கேள்விகளுக்கு "தெரியாது சார்" என்றேன். முடிந்ததும் தோழி எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சொல்லிடு, சொல்லிடுன்னு அத்தனை ஜாடை காட்டறேன், மூஞ்சியைப் பாக்க மாட்டியா?" என்றாள். அவள் தலையாட்டியதற்கு அதுதான் அர்த்தமாம்.

ஆக, என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு என்ன சொல்வது? ரிசர்ச் செய்திருந்தால் சீட் நிச்சயமா என்றால், எனக்குத் தெரியாது. நல்ல ரிசர்ச் செய்தும் கிடைக்காதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு பேரும் என் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லூரி ஆய்வகச் சோதனையில் விடை முதலிலேயே தெரியும். தப்பு வந்தால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துத் திருத்திக்கொள்வோம். ஆராய்ச்சியில் பார்த்து எழுதப் பக்கத்துப் பெஞ்சு இல்லை. நம் தப்பை நாமே தேடிப் போய்ப் பிடிக்கவேண்டும், பிடித்தபின் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அதை ஒரு தடவையாவது செய்தவளா இவள் என்றுதான் அவர்கள் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். சர்ட்டிபிகேட்டில் அது எந்த வரியிலும் இருக்காது. என் தோழியும் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது விளக்கைப் பற்றித்தான் எழுதினாள். அவளுக்கும் கிடைத்தது. போன வாரம்கூட அங்கிருந்து கூப்பிட்டு, குளிரில் மூக்கு உறைகிறது என்று புலம்பினாள்.

பெங்களூரிலிருந்து எனக்கு மெயில் வந்த அன்று மழை இன்னும் இறங்கவில்லை. மதியம் தாண்டிய நேரம். அம்மா மாளாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஏணியில் பாதி ஏறி நின்று, "அம்மா, கிடைச்சிட்டு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். உடனே குனிந்து, மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். கழுத்தெல்லாம் வேர்வை. எனக்குச் சந்தோஷம் போய்க் கஷ்டமாகிவிட்டது.

"எப்பம் போவணும்?"

"ஆகஸ்ட்ல."

"எத்தன வருசம்?"

"அஞ்சாறு வருஷம் ஆகும்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையையா, கண்ணையா தெரியவில்லை. பிறகு கேட்டாள். "சரி, பெரிய படிப்புப் படிச்ச நாலு பேரு உக்காந்து எல்லாத்தையும் கேட்டாவன்னியே. இந்தச் சூட்டுக்கு என்ன செய்யப் போறாவளாம்?"

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் மேலே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாதமும் அம்மா நினைத்துக்கொண்டிருந்தது அது. மகள் சூட்டை அளக்கிறாள், அளந்து பெரிய ஆட்களிடம் சொல்லப்போகிறாள், அவர்கள் அதைக் குறைக்க ஏதாவது செய்வார்கள். கல்லியில் கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். நானோ சீட்டை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"அவங்க ஒண்ணும் செய்யமாட்டாங்கம்மா. என்ன செய்யணும்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. யாராவது படிச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

"யாரு?"

"நானும்தான். அதுக்குத்தான் போறேன்."

அம்மா தலைக்கு மேலே, கையெட்டும் தூரத்தில் காய்ந்துகொண்டிருந்த தகரத்தை ஒரு பார்வை பார்த்தாள். விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்து என்னை அனுப்ப மனசே இல்லாமல் இருந்தவள், துணியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆகஸ்டு வரைக்கும் எதுக்குட்டி காத்துக்கிடக்கணும்? முன்னாலயே சேத்துக்கிட மாட்டாவளா?"